அரசங்கன்றில் கை வைத்தேன்

நைனா குமாரு,

நீயும் ரேவதியும் பாப்பாவும் வேளச்சேரிக்குப் போய் இன்றோடு இருபத்து மூன்று நாள். போனில் பேசலாம் என்று எடுத்தால், "சொல்லும்மா" என்று நீ சொல்கிற அந்தக் குரலைக் கேட்டதுமே சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எதையோ கேட்டுவிடுகிறேன். "சாப்ட்டியா?" "சாப்ட்டேன்." அதோடு இரண்டு பேரும் வைத்துவிடுகிறோம். அதனால்தான் எழுதுகிறேன். அஞ்சாவதோடு நின்ற படிப்புதான், ஆனால் என் எழுத்து குண்டு குண்டாக இருக்கும் என்று உனக்கே தெரியும். உங்கப்பா ஆட்டோவுக்குப் பின்னால் என்ன எழுதுவது என்று என்னைக் கேட்டுத்தான் எழுதினார். மெதுவாகப் படி. ரேவதிக்கும் படித்துக்காட்டு. அவளுக்குத் தெரியக்கூடாதது இதில் ஒன்றும் இல்லை, தெரிய வேண்டியது நிறைய இருக்கிறது.

விஷயம் மாடிச் சுவரில், பாத்ரூம் குழாய் பக்கத்தில் முளைத்த அந்த அரசங்கன்றுதான். அது வேர் விட்டு உங்கள் அறைச் சுவரைப் பிளந்ததும், மழையில் ஊறின காரை பெயர்ந்து பாப்பாவின் தூளிக்குள் விழுந்ததும் காக்காய் எச்சத்தாலும் மழையாலும் வந்த வினை என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். பாதி அதுதான். மீதிப் பாதி நான். இதை எழுதிவிட்டு இரண்டு தடவை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

முதன்முதலில் அதை வெட்டினது உங்கப்பா. நீ அப்போது பாலிடெக்னிக் போய்க்கொண்டிருந்தாய். அந்த மாடிச் சுவர் அவர் தன் கையால் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கட்டினது என்பதால், ஒரு விரல் உயரத்துக்கு முளைத்ததைப் பார்த்ததும் கத்தியை எடுத்துச் சீவிவிட்டார். அந்த வாரமே கிரீன்வேஸ் ரோட்டில் ஆட்டோ பள்ளத்தில் இறங்கிச் சாய்ந்து கால் உடைந்தது. "அரசு மேல கை வச்சியே, பாத்தியா?" என்று நான் அழுதபோது, மாவுக்கட்டோடு படுத்துக்கொண்டு சிரித்தார். "அடியே, ரோட்டுல பள்ளம் தோண்டினது அரச மரமா? அப்டின்னா அதுக்கு ஒரு கான்ட்ராக்டர் வேலை வாங்கிக் குடு!" நானும் சிரித்துவிட்டேன். சாயந்தரம் மாடிக்குப் போய் அந்த வெட்டின இடத்தில் ஒரு அகல் விளக்கு வைத்தேன். சிரித்ததும் நான்தான், விளக்கு வைத்ததும் நான்தான். என் கதையெல்லாம் இப்படித்தான் இருக்கிறது. எந்தப் பக்கம் நான் நிஜமாக இருந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அது மறுபடி துளிர்த்தது. அதை நான் சரியாகப் பார்த்தது உங்கப்பாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில். வந்திருந்தவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். போர்வை, ஜமுக்காளம் எல்லாவற்றையும் துவைத்து மாடியில் உலர்த்திக்கொண்டிருந்தேன். துளிக்கூடக் காற்று இல்லை. கொடியில் தொங்கின புடவை அசையவில்லை. ஆனால் அந்த இலை மட்டும் ஆடியது. நாலே நாலு இலை, புதுசாக வந்தது செம்பு நிறத்தில், வெயில் அதன் வழியாக வரும்போது கைக்குழந்தையின் காது மாதிரி இருந்தது. ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த கை அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் தெரியாது. உங்கப்பா அதில் வந்தார் என்று நான் நினைக்கவில்லை, அப்படி யாரிடமும் சொல்லவும் இல்லை. சாமி என்றும் நினைக்கவில்லை. ஏதோ ஒன்று இருக்கிறது, அது என்னைப் போல இல்லை, ஆனால் நான் அழுவது அதற்குத் தெரிகிறது என்று மட்டும் தோன்றியது. இதை எப்படி எழுதுவது? இதற்குமேல் எனக்கு வார்த்தை இல்லை.

உன்னிடம் ஒன்று ஒப்புக்கொள்கிறேன். கோயிலில் எனக்கு ஒரு நாளும் அப்படி இருந்ததில்லை. மயிலாப்பூர் தேர் அன்றைக்கு உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றபோதெல்லாம், செருப்பை எங்கே விட்டோம், தாலிச்சரடு பத்திரமா, பிள்ளைக்கு மோர் கிடைக்குமா என்றுதான் மனசு ஓடும். கன்னத்தில் போட்டுக்கொள்வேன், அவ்வளவுதான். அறுபது வருஷம் சாமி கும்பிட்டவளுக்கு, பாத்ரூம் குழாயில் ஒழுகுகிற தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு செடிதான் அதைக் காட்ட வேண்டுமா? காட்டியது. அதற்கு நான் என்ன செய்ய?

அன்றிலிருந்து தினமும் காலையில் அதற்கு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினேன். உன் கண்ணில் படாமல் ஊற்றினேன். முதல் கொஞ்ச நாள் ஒன்றும் கேட்கவில்லை. சும்மா பார்ப்பேன், வந்துவிடுவேன். அப்போது மனசு நன்றாக இருந்தது. பிறகுதான் கேட்க ஆரம்பித்தேன். உங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் முடிந்திருந்தது. தெருவில் எல்லோரும் ஜாடையாக விசாரிக்கத் தொடங்கியிருந்தார்கள். அமாவாசையும் திங்கட்கிழமையும் சேர்ந்து வந்த அன்றைக்குப் பெண்கள் அரசைச் சுற்றுவார்கள் அல்லவா, நானும் நூற்றெட்டு சுற்று சுற்ற நினைத்தேன். சுவரில் இருப்பதை எப்படிச் சுற்றுவது? நின்ற இடத்திலேயே என்னை நானே சுற்றிக்கொண்டேன். தலை கிறுகிறுத்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பூக்காரி மல்லிகாவிடம் மட்டும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யக்கா, மருமவ சுத்த வேண்டியத நீ சுத்திக்கினு கீற. அப்பறம் புள்ள உனக்குத்தான் பொறக்கும், பாத்துக்க!"

பாப்பா வந்தாள். தெருவில் யாருக்கும் அப்படி ஒரு பேத்தி இல்லை, இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை, பார்த்தவர்கள் சொன்னது. அந்த மூக்கு, அந்த முடி. நான் சும்மா இருந்திருக்கலாம். பார்க்க வந்த ஒவ்வொருவரிடமும், "அரசு குடுத்த புள்ள" என்று சொன்னேன். பால்காரரிடம் சொன்னேன். ரேஷன் கடை வரிசையில் சொன்னேன். ரேவதி பாப்பாவை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், நான் அவள் தலைக்கு மேலேயே சொல்வேன். அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் சந்தோஷத்தில் பேசாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது நான் செய்த தப்புக்கு வருகிறேன். அவள் மாசமாக இருந்தபோதே செடியை எடுக்க வேண்டும் என்று நீ சொன்னாய். கர்ப்பிணி இருக்கிற வீட்டில் மரம் வெட்டக்கூடாது, சுவர் இடிக்கக்கூடாது என்று தடுத்தேன். அது எல்லா வீட்டிலும் சொல்வதுதான், நீயும் கேட்டுக்கொண்டாய். பாப்பாவுக்கு மூன்று மாதம் ஆனதும் முனுசாமி கொத்தனாரிடம் சொல்லி வேரில் ஆசிட் ஊற்றச் சொன்னாய். அவர் வந்தார். நான் காப்பி கொடுத்து, "என் புள்ள கேட்டா ஊத்திட்டேன்னு சொல்லு" என்று திருப்பி அனுப்பிவிட்டேன். உன்னிடம், "ஊத்தியாச்சு, கருகிப்போச்சு" என்றேன். உன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அதற்குப் பிறகு வாராவாரம் வெள்ளிக்கிழமை நீங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போனதும் மாடிக்குப் போய், உங்கள் ஜன்னலிலிருந்து தெரிகிற இலைகளை மட்டும் நகத்தால் கிள்ளிப்போடுவேன். மறுபக்கம் இருப்பதை விட்டுவிடுவேன். உனக்குச் செத்த செடி, எனக்கு உயிரோடு இருக்கிற செடி. ஒரு வருஷம் இப்படிச் செய்தேன். கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன்.

அந்த மழை நாளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ரேவதி பால் கொடுக்கத் தூக்கின அடுத்த நிமிஷம் தூளிக்குள் காரை விழுந்தது. என் இரண்டு கை அகலத்துக்கு ஒரு பத்தை. நான் கீழே இருந்து சத்தம் கேட்டு ஓடி வந்தபோது தூளி ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே பாப்பா இல்லை என்று எனக்குத் தெரியாது. அந்த நாலு எட்டு எப்படி வைத்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

மறுநாள் அதே முனுசாமி கொத்தனார் வந்து பார்த்துவிட்டு, ஆசிட் ஊற்றாததைக் காட்டிக்கொடுக்காமல் உன்னிடம் சொன்னார்: "இத்த எடுத்தே ஆவணும் சார். ஆனா வூட்டுக்காரங்க யார்னா மொதல்ல கை வச்சிருங்க. ஒரு எல கிள்ளிப் போட்டா போதும். அரசு வெட்டுன பாவம் எனக்கு வாணாம்பா, எனக்கும் ரெண்டு பொண்ணு கீது." நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ரேவதிதான் பாப்பாவை உன்னிடம் கொடுத்துவிட்டு, "நான் வைக்கிறேன்" என்று துப்பட்டாவை இடுப்பில் செருகினாள். நான் கத்தினேன். கொத்தனார் முன்னால், அவருடைய ஆள் முன்னால் கத்தினேன்: "தொடாதடி! உனக்குப் புள்ளயக் குடுத்ததே அதுதான்!"

அவள் நின்றாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. "அத்தே, ரெண்டு வருஷம் காலைல ஆறு மணிக்கு ஆஸ்பத்திரில உக்காந்துட்டு, பத்து மணிக்கு தி.நகர் கடைல போய் நின்னேன். உக்கார விடமாட்டாங்க, நின்னுக்கினேதான் பில் போடணும். ஊசி குத்தி ஊசி குத்தி வயிறு நீலமாப் போச்சு. ரெண்டு தடவை கரு நிக்காமப் போச்சு. அதுல ஒண்ணு உங்களுக்குத் தெரியவே தெரியாது. பேரு மட்டும் மரத்துக்கா?" நீ அப்போது செல்லில் எதையோ தேய்த்துக்கொண்டிருந்தாய். உன்னையும் நான் சொல்லத்தான் வேண்டும் நைனா. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு நீ யார் பக்கமும் பேசாமல் இருந்தது நல்லது என்று நினைக்காதே. உங்கப்பா சண்டைக்காவது வருவார். அன்றைக்குக் கொத்தனார் செடியைத் தொடாமலே போனார். மறுநாள் காலையில் வண்டி வந்தது, சாமான் ஏறியது. போன பிறகு போனில் சொன்னாய்: "ம்மா, அந்த வூட்டுல ஒண்ணு அது இருக்கணும், இல்ல நாங்க இருக்கணும். நீயே முடிவு பண்ணிக்க."

முடிவு பண்ண எனக்குத் தெரியவில்லை. ஊரெல்லாம் கேட்டேன். தெருமுனைப் பிள்ளையார் கோயில் பூசாரியிடம் கேட்டேன். அங்கேயும் அரச மரம்தானே இருக்கிறது. "இன்னாமா நீ, புள்ளையாருக்கு மேல இருந்தா அது சாமி. உங்க பாத்ரூம் பைப்புக்கு மேல இருந்தா அது ரிப்பேர்" என்றார். "ரெண்டுலயும் ஒரே எலதானே ஆடுது?" என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அதான் எனக்கும் புரில" என்று விபூதி கொடுத்து அனுப்பினார். மல்லிகாவைக் கேட்டால், "தொட்டா குடும்பத்துக்கு ஆவாது" என்றாள். குடும்பம்தான் ஏற்கனவே வேளச்சேரிக்குப் போய்விட்டதே என்றேன். ஒரு முழம் பூவை அளந்து கொடுத்தாள்.

நேற்று வியாழக்கிழமை கொத்தனாரை நானே வரச்சொன்னேன். அவரைப் படியிலேயே நிறுத்திவிட்டு மாடிக்குப் போனேன். செடியிடம் உத்தரவு கேட்டேன். என்னென்ன சொன்னேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. சொல்லிவிட்டு, ஒரு பதில் வரும் என்று நின்றேன். பதினாறாம் நாள் மறுநாள் வந்ததே, அந்த மாதிரி ஏதாவது. இலை ஆடியது. சரி என்று ஆடியதா, வேண்டாம் என்று ஆடியதா? எப்போதும் ஆடுகிற மாதிரிதான் ஆடியது. அதற்கு என் கேள்வியே எட்டவில்லையோ, இல்லை எனக்குத்தான் அதன் பேச்சு புரியவில்லையோ. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு இலையைக் கிள்ளினேன். விரலில் வெள்ளையாகப் பால் ஒட்டியது. அந்தப் பிசுபிசுப்பு என் விரலுக்குப் பழக்கமானது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒரு வருஷமாக வாராவாரம் கிள்ளினேனே, அன்றைக்கெல்லாம் பாவம் என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லையே! அன்றைக்கு அது சாமியாக இல்லையா? உன்னை ஏமாற்றக் கிள்ளும்போது செடி, ரேவதி கை வைக்க வந்தால் சாமியா?

கொத்தனார் மேலே வந்து தண்டைத் திருப்பிப் பார்த்தார். "ஆயா, இத்த யாரோ தலையக் கிள்ளிக்கினே இருந்துருக்காங்க. கிள்ளக் கிள்ள மேல போவாது, வேருதான் உள்ள தடிக்கும். அதான் செவுரு பொளந்துருச்சு."

"நான்தான்" என்றேன்.

"நீயா?" என்றார். பிறகு உளியை எடுத்துக்கொண்டு, "அப்ப மொதக் கை எப்பவோ வச்சிட்ட போ. அந்தாண்ட நவுரு" என்றார்.

மதியம் வரைக்கும் உடைத்தார். நான் உங்கள் அறையில் தரையில் உட்கார்ந்து பார்த்தேன். செடி என் இடுப்பு உயரம்கூட இல்லை. வேர் என் மணிக்கட்டுப் பருமன். குழாயை ஒட்டியே வந்து, செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவில் தகடு மாதிரி சப்பையாகி, உள்ளே வந்ததும் மறுபடி உருண்டு, தூளி மாட்டியிருந்த சுவருக்குப் பின்னால் ஒரு கை தூரம் போயிருந்தது. தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. வெளிச்சமே இல்லாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீரைத் தேடி இவ்வளவு தூரம் போயிருக்கிறதே என்று கை தானாகக் குவிந்தது. அதே நேரத்தில், பாப்பா தலைமாட்டுக்கா வந்தாய் பாவி என்று வயிறு எரிந்தது. இரண்டும் ஒன்றாக வந்தால் மனுஷி என்ன செய்வாள்? அழுதேன். சாமிக்காக அழுதேனா, பாப்பாவுக்காக அழுதேனா, கேட்காதே. கொத்தனார் வேரைக் கோணியில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பாப்பா யார் கொடுத்த பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை நைனா. டாக்டரா, ரேவதியா, மேலே இருக்கிறவனா, அந்த இலையா? நீ என்னைவிடப் படித்தவன், உனக்குத் தெரிந்தால் நீ வைத்துக்கொள். ஒன்று மட்டும் சொல்கிறேன். பாப்பாவுக்குக் கொஞ்சம் விவரம் வந்ததும் மரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போ. உங்கள் பக்கம் ஏரி இருக்கிறது, பறவை வரும் என்கிறார்கள், அதையும் காட்டு. கன்னத்தில் போட்டுக்கொள்ளச் சொல்லாதே, அது வேணும் இது வேணும் என்று கேட்கவும் சொல்லித்தராதே. நின்று பார்க்கட்டும். பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் நான் நன்றாகத்தான் இருந்தேன். கேட்க ஆரம்பித்த பிறகுதான், பிள்ளையைக் கொடுத்த செடிக்குக் காவல் காக்கிறேன் என்று பொய் சொன்னேன், மறைத்தேன், கத்தினேன். இதுவும் சரியா என்று தெரியவில்லை. கேட்காமல் ஒரு தாய் எப்படி இருப்பாள்?

உங்களைத் திரும்பி வரச்சொல்லி இதை எழுதவில்லை. சுவர் காய வேண்டும், பூச வேண்டும். வருவதும் வராததும் ரேவதி சொல்வது. ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கடை லீவு இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல். மந்தைவெளியிலிருந்து பஸ் பிடித்து நானே வருவேன், நீ வண்டி எடுத்துக்கொண்டு வராதே. வந்ததும் பாப்பாவை என் கையில் கொடுத்துவிடாதே. கொடுத்தால் நான் அவளைக் கொஞ்சிக்கொண்டே பொழுதைப் போக்கிவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீ கொஞ்ச நேரம் வெளியே போ.

எனக்குத் தெரியாமல் போனது என்று அவள் சொன்னாளே, அந்த ஒன்று. அது எந்த மாசம், அன்றைக்கு அவளோடு யார் இருந்தார்கள், வீட்டுக்கு வந்து அவளாகவே சோறு போட்டுக்கொண்டாளா, நான் அன்றைக்கு அவளை எதற்காவது கடிந்து பேசினேனா, எல்லாம் கேட்க வேண்டும். அவள் சொல்ல மாட்டேன் என்றால் சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிடுகிறேன். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வருவேன்.

இப்படிக்கு,
உன் அம்மா